லிங்கக்கனியின் பெருவிரல் நகத்தில் மறுநாள் வானம்

உப்பளத்தில் வேலை பார்க்கிற பெண்களுக்கெல்லாம் ரப்பர் பூட்ஸ் கொடுத்த வருஷத்தில்தான் லிங்கக்கனிக்கு வலது கால் பெருவிரல் நகம் வெளுக்க ஆரம்பித்தது. கருவேலந்துறை தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலுக்கும் முள் மண்டிய உடங்காட்டுக்கும் நடுவில், உப்பைத் தவிர வேறொன்றும் விளையாத ஊர். அங்கே வாக்கப்பட்டு வந்த பெண்கள் மறுவாரமே உப்புப் பாத்தியில் இறங்கி, பலகையால் உப்பை வாரி, வாரியதைத் தலையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டி, கொட்டிய கையோடு திரும்பி வந்து மறுபடியும் வாருவார்கள். அவர்கள் பாதங்களை வளைத்து வளைத்துப் படம் பிடித்துக்கொண்டு போன ஒரு தொண்டு நிறுவனம், கொஞ்ச நாள் கழித்து ஒரு வேனில் பூட்ஸ் அனுப்பி வைத்தது. மற்றவர்கள் ஓரிரு நாள் போட்டுப் பார்த்துவிட்டு, ஒருத்தி அதில் கோழித்தீவனம் போட்டு வைத்தாள், ஒருத்தி கறிவேப்பிலைக் கன்று ஊன்றினாள். லிங்கக்கனி மட்டும், கொடுத்த பொருளைப் போடாமலிருந்தால் கொடுத்தவர்களுக்கு மனசு சங்கடப்படும் என்று விடிந்ததிலிருந்து வெயில் உச்சிக்கு வரும்வரை அதைப் போட்டுக்கொண்டே நின்றாள். உள்ளே ஊறிய வேர்வை வெளியே போக வழியில்லாமல் அங்கேயே கிடந்தது. சாயங்காலம் கழற்றும்போது விரல்கள் ஊறவைத்த மொச்சை மாதிரி இருக்கும்.

நகம் முதலில் ஓரத்தில் வெளுத்தது. பிறகு மஞ்சள் தட்டி, பிறகு பழைய கருப்பட்டி நிறத்துக்கு வந்து, தடித்து, நுனியில் மாவாக உதிர ஆரம்பித்தது. அவள் வேப்பெண்ணெய் வைத்தாள், மஞ்சளும் வசம்பும் அரைத்துப் பத்துப் போட்டாள், எலுமிச்சம்பழத்தில் துளை போட்டு விரலில் தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், கூட வேலை பார்க்கும் சுடலைவடிவு சொன்னாள் என்று மண்ணெண்ணெய்கூடத் தடவினாள். ஒன்றுக்கும் அது மசியவில்லை. நாத்தனார் மகள் சடங்குக்குப் போகும்போது நாலு பேர் பார்ப்பார்களே என்று கடைசியில் மருதாணியை அப்பி மறைத்தாள். மருதாணி நிறம் மங்கிப் போனபோது அதற்கடியில் வானம் இருந்தது.

பங்குனி மாதம், காலை நேரம், தெருக்குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். நகத்தின் இடது ஓரத்திலிருந்து ஒரு வெள்ளை மேகம் புறப்பட்டு, அவசரமில்லாமல் நடுநகத்துக்கு வந்து, வலது ஓரத்தில் சதைக்குள் மறைந்தது. தண்ணீரில் விழுந்த நிழலாக்கும் என்று சேலை முந்தானையால் துடைத்துவிட்டுப் பார்த்தாள். இன்னொரு மேகம் வந்தது. தலைக்கு மேலே வானம் துடைத்து வைத்த தட்டு மாதிரி மொட்டையாக இருந்தது. மறுநாள் அதே நேரத்துக்கு அதே இரண்டு மேகங்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஊருக்கு மேலே போயின. இப்படி ஒரு வாரம் பார்த்து, இந்த நேரம் நகத்தில் தெரிவது நாளைக்கு இதே நேரத்து வானம் என்று அவளுக்குத் தெளிவான பிறகுதான் புருஷனிடம் சொன்னாள்.

ஆதிலிங்கம் உப்பு லாரியில் மூட்டை ஏற்றுகிறவன். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தான்.

"நாளைக்கு இந்நேரம் மழை பெய்யும்" என்றாள் லிங்கக்கனி.

"ரேடியோவுல சொன்னானா?"

"கால்ல தெரியுது."

அவன் சோற்றிலிருந்து கையை எடுக்காமல் குனிந்து பார்த்தான். நகத்துக்குள் கருத்த மேகம் கீழிறங்கி நின்று, சன்னமாகக் கோடு கோடாக மழை விழுந்துகொண்டிருந்தது. "ஆமா" என்றான். மறுநாள் காயப்போட எடுத்து வைத்திருந்த புளியைத் திரும்பப் பானைக்குள் போட்டு மூடச் சொன்னான். மீன் துண்டு இன்னொன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனான்.

மறுநாள் மழையில் மற்ற வீட்டுப் புளியெல்லாம் நனைந்தபோது, புளியைக் காயப்போடாத வீடு எது என்று ஊரில் யோசித்துப் பார்த்தார்கள். யோசித்த இரண்டாவது நாள் விஷயம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கருவாடு காயவைக்கும் பெண்கள் முதலில் வந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் செங்கல் சூளைக்காரர்கள், அவர்களுக்குப் பின்னால் கட்டுமரக்காரர்கள், அவர்களுக்குப் பின்னால் மகளுக்குக் கல்யாணப் பந்தல் போட இருந்தவர்கள். வந்தவர்கள் ஆச்சரியப்பட்டுக்கொண்டு நிற்கவில்லை, அவரவருக்கு வேலை இருந்தது. குனிந்து பார்த்து, "காத்து எங்கேருந்துன்னு தெரியலையே, கால இந்தப் பக்கம் திருப்பும்மா" என்று கேட்டு, தெரிந்துகொண்டு போனார்கள். கோயில் பூசாரி பஞ்சாங்கத்தில் நாள் குறித்த பிறகு, கொடைத் திருவிழாவுக்கு முந்தின நாள் ஒருமுறை இங்கேயும் வந்து பார்த்துக்கொண்டார். கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்த லிங்கக்கனியின் மகள் போன் பண்ணி, துணி துவைக்கலாமா என்று கேட்டாள். "இது இந்த ஊர் வானம்தான் பிள்ளே, உங்க ஊரு இதுல வராது" என்றாள் அம்மா. மகளுக்கு அது ஓரவஞ்சனையாகப் பட்டது. வானிலை ஆபீஸிலிருந்து வந்த ஒருவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, மேகத்தின் பெயரைச் சரியாகச் சொல்லி, இதைத் தங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ள வழியில்லை என்று வருத்தப்பட்டு, ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுப் போனார்.

பஞ்சாயத்து, அவள் நடக்கும் வழியில் இருந்த கல்லையெல்லாம் பொறுக்கியது. தெருநாய்களைக் கட்டிப்போட்டது. கால் நகத்துக்கென்று ஒரு கமிட்டி ஏற்பட்டது. அளத்து முதலாளி சுயம்பு அண்ணாச்சிதான் தலைவர்.

இவ்வளவுக்கும் நடுவில் நகம் வலித்தது. அது நாளுக்கு நாள் தடித்து, செருப்பு வாரில் இடித்து, சதையை விட்டு லேசாகக் கிளம்பி நின்றது. கிளம்பிய இடத்தில் மணல் புகுந்துகொண்டது. நகத்துக்குள் இடி இடிக்கிற நாளில் விரல் விண் விண்ணென்று தெறித்தது. பௌர்ணமிக்கு முந்தின இரவில் போர்வைக்கு வெளியே கால் கிடந்தால் அறை முழுக்க வெளிச்சமாக இருக்கிறது என்று ஆதிலிங்கம் சிணுங்கினான். அதோடு, பஸ்ஸில் தெரிந்தவர்கள் எதிரே உட்கார்ந்திருந்தும் அவளை அடையாளம் தெரியாமல் வெளியே பார்த்துக்கொண்டு வருவார்கள், அவள் செருப்பைக் கழற்றினால்தான், "அட, லிங்கக்கனியா!" என்பார்கள். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு திங்கள்கிழமை யாரிடமும் சொல்லாமல் தூத்துக்குடிக்குப் போய்ப் பல்கீஸ் என்ற தோல் டாக்டரம்மாவைப் பார்த்தாள்.

டாக்டர் பல்கீஸ் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, விளக்கை இழுத்து, நெடுநேரம் பார்த்தார். நகத்தில் அப்போது பருந்து ஒன்று வட்டம் போட்டுக்கொண்டிருந்தது.

"எத்தன நாளா?"

"வானமா, நெறம் மாறினதா டாக்டரம்மா?"

"நெறம். வானம் என் படிப்புல வராது. நெறம் மாறினா பூஞ்சையா இருக்கலாம், அடிபட்டதா இருக்கலாம், வேற தோல் வியாதியா இருக்கலாம். எல்லாமே பாக்க ஒண்ணு மாதிரிதான் இருக்கும். அதனால சும்மா பாத்து மாத்திர எழுத மாட்டேன். கொஞ்சம் வெட்டி டெஸ்டுக்கு அனுப்புவோம்."

நுனியில் கொஞ்சம் வெட்டி, அடியில் கொஞ்சம் சுரண்டி, ஒரு சின்ன டப்பாவில் போட்டு அனுப்பினார். பதில் வர நாளானது. வந்தபோது, பூஞ்சைதான் என்று இருந்தது. டப்பாவுக்குள் ஈரம் கோத்திருந்ததாகவும், மாதிரியைக் காய்ந்த டப்பாவில் அனுப்பும்படியும் லேப்காரர்கள் கண்டித்திருந்தார்கள். "காஞ்ச டப்பாலதான் போட்டேன்" என்றார் டாக்டர். "அன்னிக்கு மறுநாள் உங்க ஊர்ல மழையா?"

"லேசா தூத்தல்."

"அப்ப சரி" என்று டாக்டர் மேற்கொண்டு பேசினார். ரத்தம் பரிசோதித்து, ஈரல் நன்றாக இருந்தால், மாத்திரை மூன்று மாதம் தவறாமல் சாப்பிட வேண்டும். மாத்திரை முடிந்த உடனே நகம் மாறிவிடாது. பழைய நகம் நுனிப்பக்கம் தள்ளிக்கொண்டே போக, அடியிலிருந்து புது நகம் முளைத்து முழுசாக வர ஒரு வருஷம், அதற்கு மேலும் ஆகும். காலை ஈரமில்லாமல் துடைக்க வேண்டும், பூட்ஸை வெயிலில் காயவைக்காமல் போடக் கூடாது, நகவெட்டியைப் பிறத்தியாருக்குக் கொடுக்கக் கூடாது. "விட்டா மத்த விரலுக்கும் பரவும், வீட்டுல இருக்கவங்களுக்கும் பரவும். அவசரமில்ல, ஆனா தானா போகாது."

"வானம் போயிருமா?"

டாக்டர் பல்கீஸ் கை கழுவிக்கொண்டே யோசித்தார். "நல்ல நகத்துக்கு அடியில சதைதாம்மா தெரியும்" என்றார்.

எப்படியோ விஷயம் தெரிந்து, கருவேலந்துறை பஸ் நிறுத்தத்தில் கமிட்டி முழுவதும் நின்றுகொண்டிருந்தது. சுயம்பு அண்ணாச்சி வெள்ளை வேட்டியும் கக்கத்தில் பையுமாக முன்னால் வந்தார். அவர் கெட்டவர் இல்லை. யார் வீட்டுச் சாவுக்கும் முதல் ஆளாக வந்து, கடைசி ஆளாகப் போகிறவர். ஆனால் உப்பை விட்டுக்கொடுத்து அவருக்குப் பழக்கமில்லை.

"மாத்திர எழுதிட்டாகளாம்மா?"

"எழுதிட்டாக அண்ணாச்சி, ரத்தம் பாத்துட்டுத் திங்கணுமாம்."

"சாப்பிடு. யாரு வேண்டாம்னா? ஒடம்புதான முக்கியம். சீசன் முடியட்டும், மழக்காலம் பொறக்கட்டும், நானே வாங்கித் தாரேன். அதுவர நீ பாத்தியில எறங்க வேண்டாம். ஆபீஸ்ல ஒக்காரு. ஒனக்கு ஒரு சேர் போட்டிருக்கேன்."

அந்தச் சேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது கையும் முதுகும் வைத்த, பிளாஸ்டிக் வயர் பின்னிய சேர். எதிரே காலை நீட்டி வைக்க ஒரு முக்காலி. மேலே ஒரு ஃபேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து லிங்கக்கனி வேலை நேரத்தில் உட்கார்ந்தது கிடையாது. அளத்தில் உட்கார இடமே இல்லை, எங்கே உட்கார்ந்தாலும் உப்பு. முதல் நாள் அதில் சாய்ந்து, ஃபேன் காற்று கழுத்துப் பிடரியில் பட்டபோது, முதுகெலும்பில் ஒவ்வொரு கண்ணியாக ஏதோ கழன்று அமர்வது அவளுக்குத் தெரிந்தது. அப்படியே தூங்கிப்போனாள். யாரும் எழுப்பவில்லை. நகம்தான் விழித்திருந்ததே.

விடியலிலிருந்து இருட்டும்வரை நகத்தைப் பார்த்து, மறுநாள் வானம் எந்த நேரத்துக்கு எப்படி என்று சாயங்காலம் அண்ணாச்சியிடம் சொல்வது அவள் வேலை. சம்பளம் அதேதான், கூடவோ குறையவோ இல்லை. டாக்டர் எழுதிய மாத்திரையை அவள் வாங்கவில்லை. சீசன் முடியட்டும் என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

சேரைப் பார்த்தபிறகு ஊரில் மற்றவர்களுக்கும் ஆசை வந்தது, வராமல் எப்படி இருக்கும்? அவளுடைய பழைய பூட்ஸை முதலில் ஒரு வீட்டில் இரவல் கேட்டார்கள், அந்த வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போனது, அடுத்த வீட்டிலிருந்து அடுத்த தெருவுக்குப் போனது. காயவைத்தால் பலன் போய்விடும் என்று ஈரத்தோடேயே போட்டுக்கொண்டார்கள். அவள் நகவெட்டியைக் கொண்டுபோனவர்கள் திருப்பித் தரவில்லை. ஆடி பிறப்பதற்குள் கருவேலந்துறையில் பாதிப் பேருக்குக் கால்நகம் மஞ்சளாகிவிட்டது. ஆனால் ஒன்றிலும் வானம் வரவில்லை. ஆதிலிங்கத்துக்கு இரண்டு பெருவிரலும் கருப்பட்டி நிறத்துக்கு வந்திருந்தன; காலையில் எழுந்ததும் சுவரோரமாகத் திரும்பி உட்கார்ந்து, பொஞ்சாதிக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வான்.

"ஏதாவது தெரியுதா?" என்று அவள் அடுப்படியிலிருந்து கேட்பாள்.

"ஒரு தூத்தல்கூட இல்ல" என்பான் அவன், கடித்துக் குதறுகிற குரலில்.

ஆவணியில் ஒருநாள் மத்தியானம் சுடலைவடிவு ஆபீஸுக்கு வந்தாள். லிங்கக்கனியும் அவளும் ஒரே பாத்தியில் எதிரெதிர் வரப்பில் நின்று, ஒருத்தி பாடினால் ஒருத்தி வாங்கிப் பாடி, ஒரே தூக்குச்சட்டியில் கஞ்சி குடித்தவர்கள். சேர் வந்ததிலிருந்து சுடலைவடிவு இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. இப்போது வாசலில் நின்று பாதத்து உப்பை உதறிவிட்டு, உள்ளே வந்து குனிந்து நகத்தைப் பார்த்தாள். அதில் கருக்கல் கட்டி மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"நாளைக்கு இந்நேரமா?"

"ஆமா."

"காலையில?"

"காலையில வெயில் அடிக்கி. மத்தியானம்தான் பிடிக்கி."

"சாயங்காலம் அண்ணாச்சிகிட்ட சொல்லிருவ?"

"அதுக்குத்தான ஒக்காந்திருக்கேன்."

சுடலைவடிவு நிமிர்ந்தாள். "முன்னெல்லாம் காலையில வேலைக்கு வருவோம். மத்தியானம் மழை பிடிச்சா வேலை நின்னுரும், அரைச் சம்பளம் குடுப்பாரு. நீயும் வாங்கியிருக்க. இப்ப மொத நாளே தெரிஞ்சிருது. நாளைக்கு யாரும் வராதிகன்னு சாயங்காலமே ஆளு விட்டுருதாரு. வராத ஆளுக்கு என்ன சம்பளம்? இந்தக் கோடையில எத்தன நாளு நாங்க அடுப்பு பத்த வைக்கலன்னு ஒன் நகத்துல தெரியாது. மழை வருமா வராதான்னு எங்களுக்கும் தெரியாம, அவருக்கும் தெரியாம இருந்துச்சு பாத்தியா, அது ஒரு நியாயமாத்தான்ட்டி இருந்துச்சு."

சொல்லிவிட்டு ஃபேனை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனாள். லிங்கக்கனி முக்காலியிலிருந்து காலை இறக்கினாள். கொஞ்ச நேரம் முதுகைச் சாய்க்காமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு, விரல் ரொம்ப வலிக்கிறது என்று கணக்கப்பிள்ளையிடம் சொல்லி ஒரு துணி வாங்கி, நகத்துக்குள் மழை நிற்கும் நேரம்வரை யார் கண்ணிலும் படாமல் சுற்றிக் கட்டிவைத்தாள்.

சாயங்காலம் சுயம்பு அண்ணாச்சி வந்து நாளைக்கு எப்படி என்று கேட்டார்.

"தெளிவா இருக்கு அண்ணாச்சி."

மறுநாள் எல்லோரும் வேலைக்கு வந்தார்கள், வெயில் அடித்தது, மத்தியானம் கருக்கல் கட்டி மழை கொட்டியது, வாரிப்போட்ட உப்பில் ஒரு வரிசை கரைந்து பாத்திக்கே திரும்பிப் போனது, எல்லோருக்கும் அரைச் சம்பளம் கிடைத்தது. அண்ணாச்சி நனைந்த வேட்டியோடு ஆபீஸுக்குள் வந்து, லிங்கக்கனியின் முகத்தை விட்டுவிட்டு, அவள் நகத்தைப் பார்த்துக் கேட்டார்: "ஏன் இப்படிப் பண்ணிட்ட?"

அவர் அவளைச் சந்தேகப்படவே இல்லை. நகத்துக்கு ஏதோ குறை வந்துவிட்டது என்று நினைத்தார். தேங்காயெண்ணெய் விட்டுத் துடைக்கச் சொன்னார், திருஷ்டி கழித்தார், பூசாரியை வரவழைத்து விபூதி போடச் சொன்னார். அப்புறமும் மனசு ஆறாமல், இன்னொரு சேர் வாங்கி எதிரே போட்டு, நாளெல்லாம் நகத்தையே பார்த்துக்கொண்டிருக்கக் கணக்கப்பிள்ளையை உட்கார வைத்தார். கணக்கப்பிள்ளை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். அவள் கால் மாற்றி வைத்தால் அவரும் தலை மாற்றி வைத்தார். அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. ஒருநாள் முழுக்க அந்த மனுஷருடைய நடுவகிட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் தூத்துக்குடிக்குப் போய், டாக்டர் பல்கீஸிடம் ரத்தம் கொடுத்து, மாத்திரையோடு திரும்பினாள்.

கோயில் மைதானத்தில் கூட்டம் போட்டார்கள். கருவாட்டுப் பெண்கள் அழுதார்கள். கட்டுமரக்காரர்கள், எங்கள் உயிருக்கு யார் பொறுப்பு என்றார்கள். அது நியாயமான கேள்விதான் என்று லிங்கக்கனிக்கும் பட்டது. சூளைக்காரர் ஒருவர், வேண்டுமானால் மற்ற ஒன்பது விரலுக்கும் மாத்திரை சாப்பிடட்டும், இந்த ஒன்றை மட்டும் விட்டுவிடட்டும் என்றார். மாத்திரை அப்படி விரல் பார்த்துப் போகாது என்று யாரோ சொன்னார்கள்.

"ஊருக்குப் பொதுவா வந்தத நீ ஒருத்தி முடிவு பண்ணலாமாம்மா?" என்றார் சுயம்பு அண்ணாச்சி, கோபமில்லாமல்.

லிங்கக்கனி எழுந்து நின்றாள். கூட்டத்தில் எல்லோரும் வழக்கம்போலக் குனிந்தார்கள்.

"வானம் பொதுதான் அண்ணாச்சி. கால் என்னுது" என்றாள். "வலிக்கி. செருப்பு போட முடியல. எங்க வீட்டுக்காரருக்குப் பரவியிருக்கு, ஊர்ல பாதிப் பேருக்குப் பரவியிருக்கு. கடலுக்குப் போறவுக போறதுக்கு மின்னாடி வந்து பாத்துட்டுப் போங்க. நகம் போற வரைக்கும் காட்டுதேன், யாரையும் வேண்டாம்னு சொல்ல மாட்டேன். ஆனா சேர் எனக்கு வேண்டாம். நாளையிலேருந்து பாத்திக்கு வாரேன்."

கமிட்டிக்காரர்கள் எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டார்கள். கலைந்து போனார்கள்.

மாத்திரை சாப்பிட்டாள். மாசத்துக்கொரு முறை ரத்தம் கொடுத்தாள். பூட்ஸ் பக்கமே போகாமல், மாலையில் காலைக் கழுவி விரலிடுக்கெல்லாம் துடைத்தாள். ரொம்ப நாள் ஒரு மாற்றமும் இல்லை. ஐப்பசியும் கார்த்திகையும் நகத்தில் அடித்துக்கொண்டு பெய்தன. மாத்திரை முடிந்து, பொங்கலுக்குப் பிறகுதான் நகத்தின் அடியில், சதையை ஒட்டி, பிறைக்கீற்றாக ஒரு ரோஜா நிறம் தெரிந்தது. அது வளர வளர வானம் நுனிப்பக்கமாகத் தள்ளிப் போனது. முதலில் மேற்கு வானம் போனது. உடங்காட்டுக்கு மேலே எழும் மேகத்தைப் பார்க்க முடியாமல் சூளைக்காரர்கள் வருவதை நிறுத்தினார்கள். பிறகு உச்சி வானம் போனது. நடுப்பகலில் மட்டும் நகத்துக்குள் சூரியன் இல்லாமல் இருட்டாக இருந்தது. கடைசியில் கிழக்கே கடலோரத்து வானம் மட்டும் ஒரு விளிம்பாக மிஞ்சியது. அதைப் பார்க்கக் கட்டுமரக்காரர்கள் மட்டும் வந்தார்கள், கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்துவிட்டு, "போதும்மா" என்று போனார்கள். அவர்களும் கொஞ்சம் கொஞ்சமாக வருவதைக் குறைத்து, போனில் காற்றுச் செய்தி கேட்கப் பழகிக்கொண்டார்கள்.

அதற்கு அடுத்த வருஷப் பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புது நகவெட்டியை எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தாள். கோயிலுக்கு வேண்டும் என்று பூசாரி ஒரு வெள்ளிச் செம்பு கொண்டுவந்திருந்தார். அளத்து ஆபீஸில் கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டும் என்று கணக்கப்பிள்ளை வந்திருந்தார். நகவெட்டி கடக் என்றது. அரிசிக் குருணை அளவில் ஒரு துண்டு அவள் உள்ளங்கையில் விழுந்தது. அதற்குள் கடலும் வானமும் ஒட்டுகிற கோடு மட்டும் இருந்தது, அதில் ஒரு பாய்மரம் போய்க்கொண்டிருந்தது. அது கண்ணுக்கு மறைகிறவரை பார்த்திருந்துவிட்டு, வெட்டிய நகத்தை அப்படியே போட்டுவைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தபடி, காகிதத்தில் மடித்து அடுப்பில் போட்டாள். பூசாரியும் கணக்கப்பிள்ளையும் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் வேலைக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். வராதீர்கள் என்று சொல்ல யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. வெயில் சுள்ளென்று அடித்தது, பத்து மணிவாக்கில் காற்று நின்றது. சுயம்பு அண்ணாச்சி வரப்போரமாகப் பைக்கை நிறுத்தி, பழக்கதோஷத்தில் லிங்கக்கனியின் காலைக் குனிந்து பார்த்தார். பச்சைப் பிள்ளையின் நகம் மாதிரி, மெலிசாக, ரோஜா நிறமாக, சும்மா இருந்தது நகம்.

"மழை வரும்போலத் தெரியுதே. வருமா லிங்கக்கனி?"

"எனக்கென்ன அண்ணாச்சி தெரியும்?" என்று சொல்லிவிட்டு அவள் உப்பை வாரினாள்.

உச்சிக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. எல்லோருமாக ஓடி அம்பாரத்தின் மேல் தார்ப்பாயை இழுத்துப் போட்டார்கள், ஒரு முனையை அண்ணாச்சியே பிடித்து இழுத்தார். கொட்டகைக்குள் ஒண்டி நின்றபோது, இடமில்லாமல் லிங்கக்கனியும் சுடலைவடிவும் ஒரே தூணோடு ஒட்டிக்கொண்டார்கள். சேர் வந்த நாளிலிருந்து அவர்கள் நேருக்கு நேர் பேசியது கொஞ்சம்தான்; ஒரே பாத்தியில் நின்றாலும் பாட்டு மட்டும் திரும்ப வரவில்லை. கொட்டகைக் கூரையில் மழை சடசடத்தது. பிறகு சுடலைவடிவு சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டு, இடது காலைச் செருப்பிலிருந்து உருவி, சேலைக் கரையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். பெருவிரல் நகம் நல்ல மஞ்சள் நிறமாக, ஓரத்தில் மாவு உதிர்ந்து இருந்தது.

"நீயும் எம் பூட்ஸப் போட்டியாட்டி?" என்றாள் லிங்கக்கனி.

"ஒரே ஒரு நாள்தான்" என்றாள் சுடலைவடிவு, மழையைப் பார்த்துக்கொண்டு. "எனக்கு மட்டும் ஒக்கார ஆசை இருக்காதாக்கும்?"

லிங்கக்கனி குந்தி உட்கார்ந்து, அந்தக் காலைத் தன் முழங்கால் மேல் தூக்கி வைத்துக்கொண்டு, ஈரத்தைச் சேலைத் தலைப்பால் ஒற்றி எடுத்துவிட்டு, இப்படியும் அப்படியும் திருப்பி ரொம்ப நேரம் பார்த்தாள்.

"எதுவும் தெரியுதா?" மேலேயிருந்து வந்த குரலில் பயம் இருந்தது.

"ஒண்ணும் இல்ல. வெறும் பூஞ்சை."

"நெசமாவா?"

"நெசமா."

சுடலைவடிவு பெருமூச்சு விட்டாள். "திங்கக்கெழம டாக்டரம்மாட்ட போவோமா?" என்றாள்.

"மொத பஸ்ஸுக்கே போயிருவோம்" என்றாள் லிங்கக்கனி, அந்தக் காலை இன்னும் கீழே இறக்கிவிடாமல்.